பின்னோக்கிய சிசு இருக்கையை வடிவமைத்தல்: மோதலின் விசையை உறிஞ்சும் அமைப்புக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, காரின் பின்புறம் பார்த்தபடி அமரும் கைக்குழந்தைகளுக்கான கார் இருக்கையை எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்காகவும், சிறு பட்டறை வைத்து இத்தகைய பொருளைச் செய்ய எண்ணுபவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கணினியில் ஓட்டின், அதாவது இருக்கையின் கடினமான வெளிக்கூட்டின், வெளிவடிவத்தை முதலில் வரைந்து, வளைவுகளெல்லாம் திருத்தமாக அமைந்த பிறகு உள்ளே நுரைக்கு இடம் தேடுகிறார்கள். அப்போது விரற்கடை அளவு இடம்தான் மிஞ்சுகிறது. அதன்பின் எவ்வளவு நல்ல நுரையை வைத்தாலும் பயனில்லை.

வேலையின் சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. குழந்தையின் உடல் எவ்வளவு தாங்கும் என்பது முதலில் வர வேண்டும். அதற்குத் தேவையான தூரம் அடுத்தது. அந்தத் தூரத்தைத் தரக்கூடிய பொருள் அதற்கும் அடுத்தது. ஓடு எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வர வேண்டும்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்ல வேண்டும். பட்டறையிலோ கல்லூரியிலோ செய்த மாதிரியில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அது தேறும்வரை, எந்தக் குழந்தையையும் அமர்த்திக் காரை ஓட்டக் கூடாது. ‘மெதுவாகத்தானே போகிறோம்’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை தர ஆவணங்கள். இந்தியாவில் குழந்தைப் பாதுகாப்பு இருக்கைகளுக்கு ஏ.ஐ.எஸ். 072 என்ற தரம் உள்ளது, அது ஐ.நா.வின் 44ஆம் ஒழுங்குவிதியை ஒட்டி அமைந்தது. அதற்குப் பின் வந்த 129ஆம் ஒழுங்குவிதி இன்னும் கடுமையானது; பக்கவாட்டு மோதல் சோதனையையும் தலைக்கான வரம்பையும் சேர்த்தது. தேர்வு 072இன்படி நடந்தாலும், வடிவமைப்புக்கு 129இன் வரம்புகளை இலக்காக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது தேவை அளவிடும் கருவிகள்: கிராம் அளவுக்குத் துல்லியமான தராசு, வெர்னியர், கல்லூரி விளையாட்டுத் துறையிடம் இரவல் வாங்கக்கூடிய 3 கிலோ எறிகுண்டு, முடுக்கமானி ஒன்று. முடுக்கமானி வாங்கும்போது பலர் மலிவாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல் 345ஐ வாங்கிவிடுகிறார்கள். அது 16 ஜி வரைதான், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 16 மடங்குவரைதான், அளக்கும். மோதலில் அதன் வரைபடம் உச்சியில் வெட்டி வைத்தது போலத் தட்டையாகிவிடும். அதே வரிசையில் வரும் 375 என்ற சில்லு 200 ஜி வரை அளக்கும். அதுவே இந்த வேலைக்கு ஏற்றது. கைபேசியின் உள்ளிருக்கும் உணரியும் இதற்கு உதவாது.

2. எந்தக் குழந்தைக்கு என்று வரையறுத்தல்

44ஆம் விதி எடையை வைத்துப் பிரிக்கிறது. பூஜ்யம் பிளஸ் பிரிவு 13 கிலோ வரை. 129ஆம் விதி உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் மிகச் சிறிய குழந்தை, மிகப் பெரிய குழந்தை என்ற இரு எல்லைகளையும் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பெரிய குழந்தையை மட்டும் கணக்கில் கொண்டால் போதும், சிறியது தானாக அடங்கிவிடும் என்று நினைப்பது இங்கே நேரும் பெரிய தவறு. பெரிய குழந்தை ஓட்டின் வலிமையைத் தீர்மானிக்கிறது. சிறிய குழந்தையோ நுரையின் மென்மையைத் தீர்மானிக்கிறது. நம் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளில் 2.5 கிலோவுக்கும் குறைவானவை உண்டு என்பதை மறக்கக் கூடாது. அந்தக் குழந்தையும் இதே இருக்கையில்தான் முதன்முதலாக வீட்டுக்கு வரப்போகிறது.

பின்னோக்கி அமர்த்துவதன் காரணமும் இந்த எல்லைகளில்தான் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ கால்பங்கு. கழுத்து முள்ளெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை. அவற்றைப் பிணைக்கும் நார்கள் தளர்வானவை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் மார்பைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே பாயும். முழு இழுவையும் கழுத்தின்மேல் விழும். பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு, இடுப்பு நான்கும் ஒரே பரப்பில் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிற்கும். ஆகவே உங்கள் வடிவமைப்பில் எங்கேயாவது தலைக்கும் முதுகுக்கும் இடையே பள்ளமோ மேடோ இருந்தால், பின்னோக்கி அமர்த்தியதன் பயனில் ஒரு பகுதியை நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

3. மோதலை எண்களாக எழுதுதல்

முன்மோதல் சோதனையின் வேகம் மணிக்கு 50 கி.மீ.; அதாவது நொடிக்கு 13.9 மீட்டர். 44ஆம் விதியில் சோதனை வண்டி ஏறத்தாழ 650 மி.மீ. தூரத்தில் நிற்கிறது. வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் சராசரி வேகக்குறைப்பு, நொடிக்கு நொடி 148 மீட்டர் என்று வரும். புவியீர்ப்பின் மடங்காகச் சொன்னால் 15 ஜி. உச்சம் 20 முதல் 28 ஜி வரை போகும். இவை எல்லாம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

10 கிலோ எடையுள்ள குழந்தையைச் சராசரியான 15 ஜியில் நிறுத்தவே 150 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது ஏன் பயன்படாது என்பதை வீட்டாருக்கு விளக்க இந்த ஒரு எண் போதும்.

தாங்கும் வரம்புகளையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். மார்பில் 55 ஜிக்கு மேல் 3 மில்லிநொடிக்கு அதிகமாக நீடிக்கக் கூடாது. 129ஆம் விதியின்படி ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளைக் குறிக்கும் சோதனைப் பொம்மைகளின் தலைக்கு இதே முறையில் 75 ஜி வரம்பு. நான் மாணவர்களிடம் தலைக்கு 50 ஜியை இலக்காக வைக்கச் சொல்கிறேன். பொருளின் தரவேறுபாடு, வெயில், பட்டையின் தளர்வு எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

பின்னிருந்து மோதும் சோதனை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நடக்கும். அதில் குழந்தை பட்டைகளின்மேல் தொங்கும். நுரைக்கு அங்கே வேலை குறைவு.

4. காரை அளத்தல்

இருக்கை தனியாக இயங்கும் பொருளன்று. காரோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது. ஆகவே ஓட்டை வரைவதற்கு முன் நாலைந்து வகைக் கார்களின் பின்னிருக்கையை அளந்து கொள்ள வேண்டும்: இருக்கையின் சாய்வு, முன்னிருக்கை முதுகுவரை உள்ள இடைவெளி, பெல்ட் கொக்கியின் உயரம், பெல்ட்டின் முழு நீளம்.

பெல்ட்டின் நீளத்தைப் பலர் அளப்பதே இல்லை. பின்னோக்கிய இருக்கையில் தோள் பெல்ட் ஓட்டின் முதுகைச் சுற்றி வளைந்து வர வேண்டும். சில கார்களின் பின்பெல்ட் அதற்கு எட்டாது. மாதிரி ஓட்டில் பெல்ட் போகும் வழியை ஒரு கயிற்றால் சுற்றி அளந்து, காரின் பெல்ட்டை முழுதாக இழுத்து அளந்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். எட்டவில்லையென்றால் பெல்ட் வழியை மாற்றுங்கள். பெல்ட்டில் துண்டு சேர்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் இருக்கையைக் காரோடு நேராகப் பூட்டும் இணைப்பு, உள்ள கார்களில் 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கம்பிகள், மையத்துக்கு மையம் 280 மி.மீ. இடைவெளியில் இருக்கும். இந்த இணைப்பு தளர்வைக் குறைக்கிறது. தவறாகப் பொருத்தும் வாய்ப்பையும் குறைக்கிறது. ஆனால் கம்பிகள் இரண்டு மட்டுமே உள்ளதால் இருக்கை அவற்றைச் சுற்றி முன்னே கவிழப் பார்க்கும். அதைத் தடுக்கத் தரையில் ஊன்றும் ஆதாரக் கால் வேண்டும். காரின் தரைக்கடியில் சாமான் பெட்டி இருந்தால் அதன் மூடி இந்தக் காலின் விசையைத் தாங்காது என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும்.

மலையோரப் பகுதிகளில் இன்னும் ஓடும் பழைய ஜீப்புகளின் பக்கவாட்டுப் பலகை இருக்கையில் இதைப் பொருத்தவே முடியாது. ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையிலும் கூடாது. விரியும் பை ஓட்டின் முதுகில் நேராக அடித்து, முழு விசையையும் குழந்தையின் தலைக்குக் கொண்டு சேர்க்கும்.

5. விசை செல்லும் வழியை வரைதல்

ஒரு தாளில் பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் வரைந்து, குழந்தையின் முதுகிலிருந்து காரின் உடல்வரை விசை எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறிகளால் காட்டுங்கள். முதுகிலிருந்து நுரைக்கு, நுரையிலிருந்து ஓட்டுக்கு, ஓட்டிலிருந்து பெல்ட் வழிக்கு, அங்கிருந்து காருக்கு. ஒவ்வொரு கண்ணியிலும் எத்தனை நியூட்டன் என்று எழுதாமல் மேலே போகாதீர்கள்.

13 கிலோ குழந்தையும் 5 கிலோ இருக்கையும் 28 ஜியில் நின்றால் பெல்ட் வழியில் 4,900 நியூட்டன். குழந்தையின் மார்பு தன் வரம்பான 55 ஜியை எட்டும் நிலையில் ஓட்டின் முதுகில் 7,000 நியூட்டன். ஓட்டை இந்தப் பெரிய எண்ணுக்கே கணக்கிட வேண்டும். குழந்தை தாங்கும் எல்லைக்கு முன்பே ஓடு உடையக் கூடாது.

தளர்வு ஏன் ஆபத்து என்பதும் இந்தப் படத்திலேயே தெரியும். பெல்ட்டில் 3 செ.மீ. தளர்வு இருந்தால், கார் வேகம் குறையத் தொடங்கிய பிறகும் இருக்கை பழைய வேகத்திலேயே போகும். பிறகு பெல்ட் இறுகும்போது, மிஞ்சிய குறுகிய தூரத்தில் முழு வேகத்தையும் இழக்க வேண்டியிருக்கும். கார் நசுங்கித் தந்த தூரத்தைத் தளர்வு விழுங்கிவிடுகிறது.

6. நுரையைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படிதான் வேலையின் உயிர். நம் மாவட்டத்து மாணவர்கள் இங்கே தவறுவதற்கு ஊர் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கமெல்லாம் ரப்பர். ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய் நார். ரப்பர் பால் மெத்தையும் ரப்பர் கலந்த நார்ப் பலகையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அழுத்திப் பார்த்தால் மென்மையாகவும் இருக்கின்றன. உள்ளூர்ப் பொருளால் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் மோதலை உறிஞ்சும் அடுக்குக்கு அவை பொருந்தா.

காரணம் எளிது. ரப்பர் ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறது. தலையை முதலில் நிறுத்தி, பிறகு எதிர்த்திசையில் எறிகிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்த தலை பாதி வேகத்தில் திரும்பினால், கழுத்து உணரும் மொத்த வேகமாற்றம் நொடிக்கு 7.5 மீட்டர். நமக்குத் தேவை, நசுங்கி, நசுங்கிய நிலையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும் பொருள்.

இதை யாரும் அரைமணி நேரத்தில் நேரில் பார்க்கலாம். எறிகுண்டை 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். ரப்பர் மெத்தைத் துண்டின்மேல் விட்டால் குண்டு எம்பும். எம்பும் உயரம் 30 செ.மீ. என்றால் வேகத்தில் பாதி திரும்பிவிட்டது என்று அர்த்தம். அடர்த்தியான தெர்மாகோலின்மேல் விட்டால் கிண்ணம் போன்ற குழியொன்று விழும். குண்டு அதில் புதைந்து ஏறக்குறைய அங்கேயே கிடக்கும். குழியின் ஓரத்து மணிகள் தட்டையாகி, கண்ணாடிபோல் மினுங்குவதைக் காணலாம். ஆற்றல் போன இடம் அந்த நசுங்கிய மணிகள்தான்.

குழியின் ஆழத்தை அளப்பதில் கவனம் தேவை. தெர்மாகோலும் கொஞ்சம் மீளும். ஆகவே பிறகு அளக்கும் ஆழம் உண்மையான ஆழத்தைவிடக் குறைவு. கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுத்தாலும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குண்டு 2 செ.மீ. நகர்ந்துவிடும். நம்பகமான வழி, நுரையின் அடியிலிருந்து மேற்பரப்புவரை இறுக்கமான துளையில் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, அடியில் அது நீண்டு வரும்படி பலகையிலும் ஒரு துளை விட்டுவிடுவது. குண்டு தள்ளிய தூரம் கம்பி வெளிவந்த நீளமாக அப்படியே நிற்கும். விழுந்த உயரத்தை அந்த நீளத்தால் வகுத்தால் சராசரி ஜி கிடைக்கும்: 1,250 மி.மீ.ஐ 25ஆல் வகுத்தால் 50.

சராசரியை உச்சமென்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. உருண்டையான பொருள் தட்டையான நுரையில் புதையப் புதையத் தொடும் பரப்பு வளர்கிறது, விசையும் வளர்கிறது. கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோலின் நசுங்கும் அழுத்தம் ஏறத்தாழ 190 கிலோபாஸ்கல் என்று கொண்டால், 10 செ.மீ. விட்டமுள்ள 3 கிலோ குண்டு அதில் 40 மி.மீ. வரை இறங்கும், சராசரி 30 ஜிதான், ஆனால் கடைசிக் கணத்தில் உச்சம் 50 ஜியைத் தொடும். தலையின் பின்புற வடிவத்துக்கேற்ப நுரையை முன்கூட்டியே குழித்து வைத்தால், தொடும் பரப்பு தொடக்கத்திலேயே அகலமாக இருக்கும். விசை ஏறக்குறைய சீராக நிற்கும். அதே 50 ஜி உச்சத்துக்கு 25 மி.மீ. தூரமே போதும். குழித்த நுரையின் பயன் சொகுசில் மட்டும் இல்லை; தூரத்தை மிச்சப்படுத்துவதே அதன் முதல் வேலை.

இனி உங்கள் தடிமனைக் கணக்கிடலாம். இருக்கை காரோடு கட்டப்பட்டிருப்பதால் தலை 13.9 மீட்டர் வேகத்தையும் நுரையின்மேல் இழக்க வேண்டியதில்லை. தொடக்கக் கணக்குக்கு நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஜிக்கு 25 மி.மீ. நசுங்கல் வேண்டும். நுரை தன் தடிமனில் 60 விழுக்காடுவரைதான் சீராக நசுங்கும். அதற்கு மேல் மணிகளுக்கிடையே இடமில்லாமல் கல்போல் ஆகிவிடும். ஆகவே 25ஐ 0.6ஆல் வகுக்க, 42 மி.மீ. வருகிறது. தலைக்குப் பின்னாலும், தலையை இரு பக்கமும் அணைத்து நிற்கும் சிறகுகளிலும் இந்தத் தடிமன் வேண்டும். முன்பு சொன்ன விரற்கடை இடைவெளி ஏன் போதாது என்பது இப்போது விளங்கும்.

அடர்த்தியைத் தேர்வது அடுத்தது. ஒரு வயதுக் குழந்தையின் தலை ஏறத்தாழ 2.5 கிலோ, 50 ஜியில் 1,225 நியூட்டன், தொடும் பரப்பு 65 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 190 கிலோபாஸ்கல். அதற்கு 30 கிலோ அடர்த்தி சரியாக இருக்கும். கடையில் பெட்டிக்குள் வரும் பொதிவுத் தெர்மாகோல் இதைவிட மிகவும் இலேசானது. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரம் ஒன்றை வெட்டி எடை போடுங்கள். கிராமில் வரும் எண்ணே கன மீட்டருக்குக் கிலோ அடர்த்தி. விற்பவர் சொல்லும் எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

இப்போது இரண்டாம் படியில் எழுதி வைத்த சிறிய குழந்தைக்குத் திரும்புங்கள். பிறந்த குழந்தையின் தலை சுமார் 1.1 கிலோ, தொடும் பரப்பை 38 சதுர செ.மீ. என்று கொண்டால், இதே நுரை 720 நியூட்டன் தரும். அது 67 ஜி. வரம்பான 75க்கு மிக அருகில். பெரிய குழந்தைக்கு அளவாக அமைந்த நுரை சிறிய குழந்தைக்குக் கடினம். தீர்வு, 20 கிலோ அடர்த்தியுள்ள மெல்லடுக்கை உட்பக்கம் வைப்பது, அல்லது முதல் சில மாதங்களுக்குக் கழற்றக்கூடிய உள்ளிடு ஒன்றைத் தருவது. அந்த உள்ளிடு வெறும் பஞ்சாக இருக்கக் கூடாது. பஞ்சு எதிர்ப்பே இல்லாமல் அமுங்கி, அதன்பின் தலை நேராகக் கடின அடுக்கைத்தான் சந்திக்கும்.

தெர்மாகோலா, இபிபி எனப்படும் பாலிபுரொப்பிலீன் நுரையா என்ற கேள்விக்கு என் விடை பின்னது. தெர்மாகோல் விலை குறைவு. ஒருமுறை நசுங்கினால் முடிந்தது. இபிபி ஓரளவு மீளும் என்பதால் எம்பல் சற்றுக் கூடும். ஆனால் தினசரிப் பயன்பாட்டில் தட்டுப்பட்டு நொறுங்காது, வெயிலைத் தாங்கும். இங்கே நண்பகலில் மூடி நிறுத்திய காரின் உட்புறப் பரப்புகள் 70 டிகிரியைத் தாண்டும்; தெர்மாகோல் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகிச் சுருங்கத் தொடங்கும்.

7. ஓடு

இவ்வளவுக்கும் பிறகுதான் கணினியில் ஓட்டை வரைய வேண்டும். நுரையின் வெளிப்பரப்பே ஓட்டின் உட்பரப்பு.

உற்பத்திக்குப் பாலிபுரொப்பிலீன் ஏற்றது, உடையாமல் வளையும். வளையும் திசையையும் அளவையும் விலா வரிகளால் கட்டுப்படுத்துங்கள். வரிகளின் அடிவாரத்தில் கூர்மூலை விடாமல் வட்டமாக்குங்கள், விரிசல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். பெல்ட் வழியின் ஓரங்கள் விரலால் தடவினாலும் உறுத்தாத அளவுக்கு வட்டமாக இருக்க வேண்டும். கூரான ஓரம் இறுகிய பெல்ட்டை வெட்டும்.

வடிவ மாதிரிக்குக் கடற்கரை ஊர்களின் ஃபைபர் படகுப் பட்டறைகளை நாடலாம். அச்செடுப்பதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். ஆனால் கண்ணாடி இழை ஓடு திடீரென உடைந்து கூர்முனை காட்டும். பொருத்திப் பார்க்க மட்டும் அது உதவும். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ இழையால் செய்த பாகங்கள் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நின்ற காரில் வைத்தாலே வளைந்துவிடும்.

சிறகுகளின் ஆழம் தலையின் நடுப்பகுதியைத் தாண்டி இருக்க வேண்டும். பக்கவாட்டு மோதலில் தலை சற்று முன்னே நழுவிய பிறகே சிறகைத் தொடும். ஆழம் குறைந்தால் அது விளிம்பில் மோதும்.

8. பட்டைகளும் பக்கிளும்

தோள்பட்டைத் துளை, பின்னோக்கிய இருக்கையில் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். முன்மோதலில் குழந்தை ஓட்டின் முதுகில் அழுந்துவதோடு மேல்நோக்கியும் வழுக்கப் பார்க்கும். கீழிருந்து வரும் பட்டைதான் தோளைப் பிடித்து அதைத் தடுக்கும். துளை மேலே இருந்தால் அந்த உயரம்வரை குழந்தை தடையின்றி ஏறும். குறைந்தது மூன்று உயரங்களில் துளை வையுங்கள். மிகக் கீழ்த்துளை பிறந்த குழந்தைக்கானது.

பட்டையின் அகலம் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 44ஆம் விதி இந்தப் பிரிவுக்குக் கேட்கும் உடையும் விசை 3.6 கிலோநியூட்டன். பைகளுக்கு விற்கும் நைலான் பட்டை தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அதிகம் நீளும். நெருங்கப் பின்னிய பாலியஸ்டர் பட்டையே வேண்டும். கல்லூரியின் இழுவிசை இயந்திரத்தில் சோதிக்கும்போது பட்டை பிடிவாயின் அருகே அறுந்தால் அந்த முடிவு செல்லாது. உருளையில் சுற்றிப் பிடிக்கும் அமைப்பில் மறுபடி சோதிக்க வேண்டும். பட்டையில் சூடான கம்பியால் துளையிடுவதைப் பல மாதிரிகளில் பார்க்கிறேன்; துளையைச் சுற்றி உருகிய இழைகள் வலுவிழந்துவிடும், கூடவே கூடாது.

பட்டைகளைப் பூட்டும் பக்கிளைத் திறக்கும் விசை, சுமையில்லாத நிலையில் 40 முதல் 80 நியூட்டன்வரை இருக்க வேண்டும். மூத்த குழந்தையின் விரலுக்கு அது எளிதாகத் திறக்கக் கூடாது. விபத்துக்குப் பின் உதவ ஓடிவரும் அந்நியர் பார்த்தவுடன் திறக்கவும் வேண்டும். ஆகவே சிவப்புப் பொத்தான் ஒன்றே போதும். இரண்டு கை வேண்டும் புதுமைகள் வேண்டாம்.

நம் வீடுகளில் பச்சிளங்குழந்தையைத் துணியில் பொதிந்தே தூக்குவது வழக்கம். பொதிந்தபடியே இருக்கையில் வைத்தால் கால்களுக்கிடையே வர வேண்டிய பட்டை வராது. துணியின் தடிமன் மோதலில் அமுங்கித் தளர்வாகிவிடும். முதலில் பட்டையைப் பூட்டி, பிறகு மேலே போர்த்த வேண்டும் என்று கையேட்டில் எழுதுவதோடு நில்லாமல், பக்கிளின்மேலே படரும்படி இணைந்த மெல்லிய போர்வை ஒன்றை இருக்கையோடு தருவது நல்லது. பாட்டிமார் மறுக்காமல் ஏற்கும் ஏற்பாடு இது.

9. சாய்வுக் கோணம்

பிறந்த குழந்தைக்கு முதுகு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி சாய வேண்டும். நிமிர்ந்தால் கனமான தலை மார்பில் கவிழ்ந்து மூச்சுவழியை மடக்கிவிடும். கழுத்து நின்ற குழந்தைக்கு 30 டிகிரிவரை நிமிர்த்தலாம்.

அதிகம் சாய்ப்பதும் தவறே. 10 கிலோ குழந்தைக்குச் சராசரி விசை 1,480 நியூட்டன். 45 டிகிரியில் அதில் 1,050 நியூட்டன் குழந்தையை முதுகின் வழியே மேலே தள்ளும். 30 டிகிரியில் 740 மட்டுமே. மோதலின்போது இருக்கை சற்றுச் சுழன்று இந்தக் கோணம் இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கோணத்தைக் காட்டும் குமிழியைப் பக்கவாட்டில் வையுங்கள்; சமதரையில் நிறுத்திய காரில் மட்டுமே அதைப் பார்க்க வேண்டும் என்று அதனருகிலேயே அச்சிடுங்கள். பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் வீட்டு முற்றமே சரிவாக இருக்கும். அங்கே குமிழியைப் பார்த்துப் பொருத்தினால் கோணம் பிசகும்.

10. உப்பும் வெயிலும்

தரத்தில் பக்கிளுக்கு உப்புநீர்த் தூவல் சோதனையும் உயர்வெப்பச் சோதனையும் உண்டு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களுக்கு இவை வெறும் சடங்காக இல்லை. பக்கிளின் உள்வில்லும் பட்டை சரிசெய்யும் பல்லும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் உலோகப் பாகம் குழந்தையின் தோலைச் சுடும். எல்லா உலோகத்தையும் துணியோ நெகிழியோ மூட வேண்டும்.

11. சோதனையின் வரிசை

முதலில் பாகங்கள்: பட்டை, தையல், பக்கிள், நுரைத்துண்டு. பிறகு கணினி உருவகப்படுத்தல். நிலையான சுமையில் மட்டும் ஓட்டிப் பார்த்து ‘பாதுகாப்பானது’ என்று அறிக்கை எழுதுவது பெரிய பிழை. மோதல் நேரத்தோடு மாறும் நிகழ்வு. நுரையின் தரவாக நீங்கள் விழுத்திச் சோதித்த அளவுகளையே கொடுங்கள். கணக்கும் சோதனையும் சற்று விலகத்தான் செய்யும். வேகமாக நசுங்கும்போது நுரை சற்று விறைப்பாகும். விலகல் மிகுந்தால் முதலில் அடர்த்தியைச் சரிபாருங்கள்.

அதன்பின் ஸ்லெட் சோதனை, அதாவது இருக்கையைச் சோதனை வண்டியில் கட்டி மோதலின் வேகக்குறைப்பைத் தந்து பார்ப்பது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், சென்னையை அடுத்த ஓரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. ஆகியவை வாகனச் சோதனை அமைப்புகள். இவர்களிடம் போவதற்கு முன் மணல் நிரப்பிய பொம்மையைக் கொண்டு காரில் பொருத்தும் ஒத்திகையைப் பலமுறை செய்யுங்கள்; 10 கிலோவில் 2.5 கிலோ தலையில் இருக்கட்டும். திட்டத்தோடு தொடர்பில்லாத பெற்றோர் ஒருவரிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, பேசாமல் அருகில் நின்று பாருங்கள். பெல்ட்டை எந்த வழியில் நுழைப்பது என்று அவர் தயங்கும் இடத்தில், குறை அவரிடம் இல்லை. அந்த இடத்தின் நிறத்தையோ வடிவத்தையோ மாற்ற வேண்டும்.

ஸ்லெட்டிலிருந்து திரும்பிய இருக்கை வெளியே நல்ல நிலையில் இருப்பதுபோல் தோன்றினாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்; தையல் நீண்டிருக்கும். உறையைக் கழற்றி, நசுங்கிய இடங்களை வெர்னியரால் அளந்து படமெடுத்த பிறகு, பட்டைகள் ஐந்தையும் அடியோடு வெட்டி, ஓட்டில் அழியாத மையால் ‘மோதல் சோதனைக்கு உட்பட்டது’ என்று எழுதிவிடுங்கள். ஆய்வகத்தின் மூலையில் வெட்டாமல் கிடக்கும் இருக்கையை, குழந்தை பிறந்த வீட்டுக்கு உதவும் என்று நல்ல மனத்தோடு யாரேனும் எடுத்துச் சென்றுவிடலாம்.